செயலாளர் விமானத்தில் இருந்த வெள்ளிக்கிழமை

கதிருக்கு, செங்காங் வீட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது லைன் மூன்று முறை அறுந்தது. மூன்றாவது முறை அறுவதற்கு முன்னால் நீ கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. "அம்மா, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நான் இருக்கட்டா, வந்துடட்டா? நீங்களே சொல்லுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் உன் தீவில் மின்சாரம் போய்விட்டது போலிருக்கிறது. ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. அன்றைக்கு என் வாயிலிருந்து "வா" என்பதைத் தவிர வேறொன்றும் வந்திருக்காது. நான்கு நாளாக அதைக் கைப்பேசியில் அடிப்பதும் அழிப்பதுமாக இருக்கிறேன். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், உன்னிடம் இத்தனை வருடம் மறைத்த ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் கடிதம். இது உனக்கு மட்டும் போகப்போவதும் இல்லை. சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். முன்னாள் செயலாளர் என்றால் நாலு வரி வாழ்த்துச் செய்தி வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள், பாவம். இதைத்தான் கொடுக்கப்போகிறேன்.

நீ இருக்கும் நாடு இன்னும் முழுதாக நாடாகவில்லை என்று சொன்னாய். கொடி தைத்தாயிற்று, நாட்டுப்பாட்டுக்கு மெட்டுப் போட்டாயிற்று, அரசமைப்புச் சட்டம்தான் பாக்கி. அதை எழுதும் குழுவில் நீயும் ஒருவன். பெரிய தீவில் தலைநகரம், சுற்றிலும் சின்னச் சின்னத் தீவுகள். தீவுக்குத் தீவு அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தால் குடியரசு பிறந்த அன்றே உடைந்துவிடும் என்கிறார்கள் தலைநகரத்துக்காரர்கள். புயலில் கூரை பறந்து பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது தலைநகரத்து அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்க முடியுமா என்கிறார்கள் தீவுக்காரர்கள். கப்பல் வாரத்துக்கு ஒன்றுதானாமே. ஒவ்வொரு தீவிலும் ஆபத்துக் காலத்துக்காக வைத்திருக்கும் அரிசிக் கிடங்கை யார் திறக்கலாம் என்ற ஒரு பிரிவில் வந்து எல்லாம் நின்றுவிட்டது என்றாய். ஐந்து மாதமாகச் சண்டை. "ஒரு அரிசி மூட்டைக்கா இவ்வளவு பேச்சு?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். அப்படிக் கேட்டதற்காக அப்புறம் வெட்கப்பட்டேன்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டை சட்டென்று புரியாது. லிஃப்ட் நின்றால் டவுன் கவுன்சிலுக்கு ஒரு போன், முடிந்தது. நமக்குத் தலைநகரமும் கிராமமும் ஒரே எம்ஆர்டி ரயில் பாதையில்தான். ஆனால் நாமும் ஒரு காலத்தில் ஒரு கூட்டாட்சியில் மாநிலமாக இருந்தவர்கள்தான். கல்வியும் தொழிலாளர் விவகாரமும் இங்கே, பாதுகாப்பும் வெளியுறவும் கோலாலம்பூரில் என்று பிரித்துக்கொண்டு சேர்ந்தோம். இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் நீ அதைப் படித்துவிட்டு வந்து ஏன் பிரிந்தோம் என்று என்னைக் கேட்டாய். சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்க முடியாதுடா" என்றேன். "அப்ப நம்ம வீட்ல பிராப்ளமே இல்லம்மா. ஒரே கத்திதான்லா," என்று நீ சொன்னதும் உன் அப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. அன்றிலிருந்துதான் நீங்கள் இருவரும் என்னை 'மத்திய அரசு' என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். நானும் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். உன் அப்பா தன் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தெரியாமலே வாழ்ந்தார். கடலுயிர்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய், விண்ணப்பத்தில் சட்டம் என்று குறித்தது என் கை. இப்போது நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறாய். அதைப் பற்றி நீ ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி சங்கத்துக் கதை. நம்மவர்கள் எல்லோரும் சிராங்கூன் ரோட்டைச் சுற்றி இருந்த காலத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் தெருமுனை வரை தானாகத் தெரிந்துவிடும். பிறகு ஜூரோங், உட்லண்ட்ஸ், செங்காங் என்று ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டோம். பக்கத்து பிளாக்கில் நம்மவர் இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு தெரிய வரும். அது மனதை அறுத்ததால்தான் அங்கங்கே இருந்த சிறு குழுக்களை ஒன்றாக்கினோம். யார் வீட்டில் துக்கம் என்றாலும் எல்லாப் பேட்டையிலிருந்தும் ஆட்கள் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் சங்கத்தின் வேலை. லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடை மாடியில் அமைப்புக் கூட்டம் நடந்தது. நூற்றைம்பது குடும்பங்களுக்கு ஒரு சங்கம், ஒரு கைப்பேசிக் குழு, செயலாளர் நான். துக்கச் செய்தியை என்னிடம் சொல்லி, நான்தான் குழுவில் அறிவிக்க வேண்டும் என்றேன். அந்தக் கூட்டத்தில் அதை எதிர்த்துப் பேசியவள் உட்லண்ட்ஸ் மல்லிகா. பாலர் பள்ளி ஆசிரியை. இருபது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். அவள் பெயரை எழுதலாமா என்று கேட்டுவிட்டேன். "எழுதுங்க, வயச மட்டும் போடாதீங்க" என்றாள்.

"எங்க ஏரியால யாராச்சும் போயிட்டா நாங்களே குழுவுல சொல்லிடறோம்லா. உங்களுக்கும் சேர்த்துத்தானே சொல்றோம்? முதல்ல அப்ரூவல், அப்புறம் சாவுன்னா எப்படி அக்கா?" என்றாள். நான் விடவில்லை. ஆளாளுக்குச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும் என்றேன். என்னிடம் ஒரு பலமான ஆதாரமும் இருந்தது. சில வாரங்களுக்கு முன்னால்தான் ஜூரோங்காரர்கள் பெயர்க் குழப்பத்தில், ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்த ஒருவரை இறந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். அறுபது பேர் மாலையும் கையுமாக அவருடைய பிளாக்குக்குப் போய்விட்டார்கள். அவர் மனைவி கணவனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளியே வந்தவள், மாலைகளைப் பார்த்து அங்கேயே மயங்கி விழுந்தாள். அந்த மனிதர் பிழைத்து வந்து, "என் சாவுக்கு வந்த கூட்டத்த நான் பார்க்கக் குடுத்து வைக்கலையே" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தது வேறு கதை. ஆனால் கூட்டத்தில் நான் அந்தக் கஞ்சிப் பாத்திரத்தைப் பற்றிப் பேசியதும் எல்லாக் கையும் என் பக்கம் உயர்ந்துவிட்டது. விதி இதுதான்: குழுவில் செயலாளர் மட்டுமே எழுத முடியும். செயலாளரிடமிருந்து செய்தி வராதவரை யார் சொன்னாலும் நம்பக் கூடாது. வீட்டுக்குத் திரும்பும்போது உன் அப்பா, "இனிமே எமனே வந்தாலும் உன்கிட்டதான் அப்ரூவல் வாங்கணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

சுப்பையா அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், உட்லண்ட்ஸில் மல்லிகாவுக்கு அடுத்த பிளாக். சங்கத்தில் யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து, தோளில் துண்டோடு நாற்காலிகளைப் போட ஆரம்பிப்பார். கடைசி நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுத்தான் போவார். அவருக்கும் செல்லம்மா அக்காவுக்கும் ஒரே மகள், ஆஸ்திரேலியாவில். உன் பட்டமளிப்பு விழாவுக்காக நானும் அப்பாவும் லண்டனுக்கு விமானம் ஏறினோமே, அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் அவர் வீட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மல்லிகா எனக்கு முதலில் அழைத்தபோது நான் கைப்பேசியை அணைத்து, இருக்கை வாரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு பதினான்கு மணி நேரம் சங்கத்தின் வாய் ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சனிப்பிணம் தனிப்போகாது என்று செல்லம்மா அக்கா பயந்தார், அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மல்லிகாவுக்குக் குழுவில் ஒரு வரி எழுத வழியில்லை. உறுப்பினர்களின் எண்களைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தாள். வேலை நாள். தெரியாத எண் என்றால் மோசடிக் கும்பல் என்று நம் ஊரில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தவர்கள், "குழுவுல ஒண்ணும் வரலையே அக்கா? செயலாளர் சொல்லாம நம்பக் கூடாதுன்னுதானே ரூல்?" என்றார்கள். ஜூரோங்காரர் ஒருவர், "ஏற்கனவே ஒருதடவ பட்டாச்சு, நீங்க எதுக்கும் செயலாளர்கிட்ட கன்ஃபர்ம் பண்ணிடுங்க" என்று வைத்துவிட்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை கதிர். ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பக் கூடாது என்று அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவள் நான். பிளாக்கின் கீழே, வாய்ட் டெக் திறந்தவெளியில் போட்ட நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. எதிர்வீட்டு மலாய்க்காரக் குடும்பம் எல்லோருக்கும் ரொட்டியும் கோப்பியும் கொண்டு வந்தது. பெட்டியைத் தூக்க மல்லிகாவின் கணவரோடு தோள் கொடுத்தவர்கள் அந்த மலாய்க்காரரும், மேல்மாடிச் சீனப் பெரியவரும், அவருடைய மகனும். எல்லார் சாவுக்கும் முதல் ஆளாகப் போனவர் மண்டாய் தகனச்சாலைக்குப் போனபோது கூட வந்தவர்கள் பதினேழு பேர்.

லண்டனில் இறங்கிக் கைப்பேசியைத் திறந்தேன். மல்லிகாவிடமிருந்து முப்பத்தொரு அழைப்புகள். பெட்டிகள் வரும் இடத்தில் நின்றபடியே குழுவில், "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எழுதினேன். அவர் அதற்குள் சாம்பலாகிவிட்டார். ஒருவரும் பதில் போடவில்லை. போட முடியாதே, நான்தானே பூட்டி வைத்திருந்தேன். வெளியே நீ பூங்கொத்தோடு நின்றாய். "ஏம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாய். "பிளேன்ல காது அடைச்சுக்கிச்சு" என்றேன். கறுப்பு அங்கியில் நீயும் பட்டுப்புடவையில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் உன்னிடம் இருக்கும். அந்தச் சிரிப்பு பொய். உன்னை நினைத்து வந்த பெருமை மட்டும் பொய்யில்லை.

தப்பை அதோடாவது ஒப்புக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து, "நான் விமானத்துல இருந்தா என்ன செய்ய முடியும்?" என்று கேட்டேன். மல்லிகா பையை எடுத்துக்கொண்டு நின்றாள். "நீங்க என்ன செய்வீங்கன்னு நான் எப்பவுமே கேக்கல அக்கா. நீங்க இல்லாதப்ப நாங்க என்ன செய்யறதுன்னுதான் கேட்டேன்." அவ்வளவுதான். வெளியே போய்விட்டாள், சங்கத்திலிருந்தும் போய்விட்டாள். செல்லம்மா அக்காவை மகள் வந்து ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனாள். போவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று தள்ளிப்போட்டேன், அவர்கள் போய்விட்டார்கள். ஒரு வருடம் கழித்து நான் பதவியை விட்டேன். அடுத்து வந்தவர்கள் முதல் வேலையாக விதியை மாற்றி, ஒவ்வொரு பேட்டையிலும் இருவருக்கு அறிவிக்கும் உரிமை கொடுத்தார்கள்.

அந்த மாற்றத்தின் பலன் எனக்குத்தான் வந்து சேர்ந்தது. உன் அப்பா போன அன்று காலையில் என் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன், யாருக்கும் போன் செய்யவில்லை. அதற்குள் செங்காங்காரர்கள் வந்து நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டில் கேள்விப்பட்டு அவர்களே அறிவித்துவிட்டார்கள். மதியத்துக்குள் ஜூரோங்கிலிருந்தும் வந்துவிட்டார்கள். நீ வந்து சேர மறுநாள் ஆயிற்று. அந்த ஒரு நாள் முழுக்க அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியை யார் என்று கேட்டாய். உட்லண்ட்ஸ்காரர் என்றேன். அதுதான் மல்லிகா. வந்தாள், எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள், எல்லாம் முடிந்ததும் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் குரலுக்காக அன்றைக்கு நான் ஏங்கியதை எப்படிச் சொல்வேன். திட்டியிருந்தாலும் போதும் என்றிருந்தது.

நீ பேசிய மறுநாள் பஸ் ஏறி உட்லண்ட்ஸுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க. தரை ஈரமா இருக்கு, பார்த்து" என்றாள். சமையலறை மேசையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் தீவைப் பற்றியும் அரிசிக் கிடங்கைப் பற்றியும் சொல்லி, அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு, "இத உங்க மகன் கேக்கச் சொன்னானா, நீங்களா கேக்கறீங்களா?" என்றாள்.

"நானாத்தான்."

"தலைமையே வேணாம்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா அக்கா? உட்லண்ட்ஸ்ல நாங்க ஒம்பது வீடு. எங்க ஒம்பது வீடே போதும்னா அப்புறம் சங்கம் எதுக்கு? எல்லாப் பக்கத்துல இருந்தும் ஆள் வரணும்னுதானே சேர்ந்தோம்? எல்லாரையும் கூப்பிட ஒரு மணி வேணும், அது நடுவுலதான் இருக்கணும். அத அடிக்கிற கை உங்க கை மட்டும்தான்னீங்க பாருங்க, அங்கதான் வந்துச்சு வினை."

"ஜூரோங்காரங்க மாதிரி தப்பா அடிச்சுட்டா?"

"அடிச்சா மறுநாள் கூப்பிட்டுத் திட்டுங்க. உயிரோட இருக்கறவருக்கு மாலை போச்சு, சிரிச்சிட்டோம். சுப்பையா அண்ணனுக்கு..." என்றவள் கத்தியை மேசையில் வைத்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது வருடம் தாமதமான மன்னிப்பு, சரியாகக் கேட்கக்கூடத் தெரியவில்லை, அழுகைதான் வந்தது. அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வெங்காயம். உங்களுக்கு என்ன?" என்றாள். அன்று மதியம் அங்கேதான் சாப்பிட்டேன்.

சட்டம் படித்தவன் நீ, உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனாலும் அம்மா ஆயிற்றே, சொல்லாமல் இருக்க முடியுமா. தலைநகரத்துக்காரர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதே. அவர்களும் என்னைப் போல ஏதோ ஒரு கஞ்சிப் பாத்திரம் கீழே விழுந்ததைப் பார்த்துப் பயந்தவர்களாக இருப்பார்கள். எல்லாத் தீவுக்கும் அரிசி அனுப்ப ஒரு தலைநகரம் வேண்டும்தான். பெரியவர் சின்னவர் யார் என்று எழுதுவதற்கு முன்னால், பெரியவரைப் பிடிக்க முடியாத நாளில் என்ன செய்வது என்று எழுதிவையுங்கள். தீவுக்காரர்கள் கிடங்கைத் திறக்கட்டும், திறந்த பிறகு ஏன் திறந்தோம் என்று எல்லார் முன்னாலும் பதில் சொல்லட்டும். தேவையில்லாமல் திறந்த கிடங்கைத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். மூடிக் கிடந்த கிடங்கின் வாசலில் செத்தவனுக்கு யார் என்ன சொல்வது?

இப்போது உன் கேள்வி. நீ வர வேண்டும் என்று என் மனம் கிடந்து தவிக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. முழங்கால் வலியைச் சொல்லி உன்னை வரவழைக்கலாமா என்றுகூட யோசித்தேன். இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு மீதிச் சோற்றை மறுநாள் சாப்பிடுகிறேன். ஆனால் அங்கே உன்னால் என்ன நடக்கிறது, நீ இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும் என்பதெல்லாம் இங்கே செங்காங்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை தெரியாமலே உன் விண்ணப்பத்தில் குறி போட்டேன், போதும். இதை நீதான் முடிவு செய்ய வேண்டும். என் ஆசையையும் கணக்கில் எடுத்துக்கொள், அதற்கு மேல் வேண்டாம்.

நான் முடிவு செய்ய வேண்டியதை நான் செய்துவிட்டேன். நேற்று மல்லிகாவும் செங்காங்காரர்களும் இங்கே வந்திருந்தார்கள். நான் போகும் நாளில் மகன் வரட்டும் என்று என்னைக் கிடத்தி வைத்திருக்க வேண்டாம், வாரத்துக்கு ஒரு கப்பலை நம்பி யாரையும் காக்க வைக்காதீர்கள், இருப்பவர்களே எல்லாம் செய்துவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கொள்ளி வைக்க முடியவில்லையே என்று நீ எந்த ஊரிலும் எந்த நாளும் அழக் கூடாது. அதற்கெல்லாம் நீ வர வேண்டியதில்லை. மணி அடித்ததும் நானே எழுந்து வந்து கதவைத் திறந்து, "ஏண்டா இப்படி இளைச்சுட்ட?" என்று கேட்கக்கூடிய ஒரு நாளில் வா.

அம்மா